சபுராளிக்கு ஒரு பகலும் ஓர் இரவும்

நம் சமுதாயத்தில் சபுராளி இல்லாத குடும்பம் அரிது. கணவரோ, மகனோ, சகோதரரோ கடல்கடந்து சென்று பொருளீட்டுகின்றனர். அவர்கள் அனுப்பும் பணம் என்று வரும் என்பதை நாம் அறிவோம். விடுமுறை நாளின் மாலைப்பொழுதை அவர்கள் யாருடன் கழிக்கின்றனர் என்பதை நாம் கேட்பதில்லை.

என் மகன் துபாய் சென்ற முதலாண்டில், அவனுடன் பணிபுரிந்த மலையாளச் சகோதரர் ஒருவர் அவனைக் கோர்ஃபக்கான் கடற்கரைக்கு அழைத்துச் சென்று நள்ளிரவில் திரும்பினார். மறுநாள் தொலைபேசியில் பேசியபோது அவன் குரலில் பழைய சிரிப்பு இருந்தது. அவன் தாயார் அன்றுதான் நிம்மதியாக உறங்கினார். முன்பின் அறியாத அந்த மனிதருக்கு நாங்கள் பட்ட கடனை எங்கே தீர்ப்பது?

அல்லாஹ் அதற்குச் செங்கல்பட்டிலேயே வழி காட்டினான். பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் ஒருவர், எங்களூரை அடுத்த தொழிற்சாலையில் பணிபுரிய வந்து, வாடகை அறையில் தனியே தங்கியிருந்தார். பள்ளிவாசலில் பழக்கமாகி நண்பரானார். பாட்டனாரின் தமிழ் மண் அவருக்கு வெளிநாடு! ஈராண்டுகளில் இவ்வட்டாரத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "இரயிலில் போகும்போது கொளவாய் ஏரியைப் பார்த்திருக்கிறேன், பாய்" என்றார்.

தை மாதத்து ஞாயிறொன்றில் புறப்பட்டோம். திருக்கழுக்குன்றம் வழியாக முதலில் சதுரங்கப்பட்டினம் சென்றோம். டச்சுக்காரர்கள் கட்டிய செங்கற்கோட்டை அங்கே கடலைப் பார்த்தபடி சிதைந்து நிற்கிறது. 1781இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளைக் கொண்டுபோய், கீழைத் தீவுகளில் நறுமணப் பொருள்களுக்கு மாற்றுவதே டச்சு வணிகத்தின் அடிப்படையாக இருந்தது. இதனைச் சொன்னதும் நண்பர், "எங்கள் பாட்டிமார் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த துணியெல்லாம் இந்தக் கரையிலிருந்து வந்தவையாக இருக்குமோ!" என்று வியந்தார்.

நான் ஹனஃபி, அவர் ஷாஃபிஈ. அவருக்கு அஸர் நேரம் முன்னதாகவே வந்துவிடும். அவர் தொழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். விருந்தினரின் வக்துக்கு நம் பயணம் வளைந்து கொடுப்பதும் உபசரிப்பின் ஓர் அங்கமே.

பின்னர் மாமல்லபுரம். கோயிற் சிற்பங்களைக் காணச் செல்லலாமா என்ற தயக்கம் சிலருக்கு எழலாம். வணங்கச் செல்வது வேறு. முன்னோரின் கைத்திறனையும் காலத்தின் மாற்றத்தையும் கண்டு படிப்பினை பெறுவது வேறு. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைப் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் அறிவுறுத்துகிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவரின் துறைமுகமாகச் சிறந்த ஊர் இது. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இடம்பெற்றது. பெரும்பாறைச் சிற்பத்தில் எலிகள் சூழ, நின்று தவம் புரியும் பூனையைக் கண்டு நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அவ்வாறு சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் முறை.

மாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கே கோவளம் சென்று மஃக்ரிப் தொழுதோம். நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் தர்கா இவ்வூரில் உள்ளது. ஆற்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் இங்கே கட்டிய கோட்டையை 1752இல் கிளைவ் கைப்பற்றினார்.

இஷாவுக்குப் பின் பரோட்டாவும் பொரித்த மீனும் வாங்கிக்கொண்டு மணலில் அமர்ந்தோம். நிலவு கடல்மீது ஏறியிருந்தது. இங்கே மணி எட்டரை, பினாங்கில் பதினொன்று. நண்பர் தம் தாயாரை அழைத்தார். உறக்கத்திலிருந்து எழுந்த அந்த அம்மையார் முதலில் பதறினார். பிறகு அலையோசையைக் கேட்டு, "யாருடன் இருக்கிறாய்?" என்றார். நண்பர் கைப்பேசியை என்னிடம் தந்தார். "என் பிள்ளை தனியாக இல்லையே, அல்ஹம்துலில்லாஹ்" என்று மும்முறை சொன்னார் அந்தத் தாய். என் வீட்டில் முன்பு கேட்ட குரலும் இதுவேதான்.

வாசகர்களே! பெருநாளன்று ஒருவேளை பிரியாணி கொடுத்துவிட்டால் வழிப்போக்கரின் உரிமை நிறைவேறிவிட்டதென எண்ணாதீர்கள். பசியைவிடத் தனிமை கொடியது. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த இளைஞர்கள் நம் பள்ளிவாசல்களில் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு, எவரோடும் பேசாமல் வெளியேறுகின்றனர். வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவியரும் செவிலியரும் விடுதிகளில் இருக்கின்றனர். அவர்களை நம் இல்லத்துப் பெண்கள் ஒருநாள் தங்களுடன் அழைத்துச் செல்லலாம். ஒரு பேருந்துப் பயணமும் ஒரு கடற்கரையும் இரண்டு மணிநேரப் பேச்சும் போதும்.

அடுத்த ஜும்ஆவில் ஸலாம் கொடுத்தபின், அந்தக் கடைசி வரிசையைச் சற்றே திரும்பிப் பாருங்கள்.