அலிப்பூரில் ஒரு மட்டப்பா

கொல்கத்தாவின் அலிப்பூருக்கு நான் போனது தேசிய நூலகத்துக்காக. சுமார் முப்பது ஏக்கர் வளாகம், நடுவே பெல்வெடேர் மாளிகை. 1854 முதல் வங்காளத்தின் லெப்டினென்ட் கவர்னர்கள் குடியிருந்த இடம். 1948இல் அங்கே புத்தகங்கள் குடிவந்தன. 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா ஆசாத் மக்களுக்குத் திறந்துவைத்தார். தமிழ்ப் பிரிவும் உண்டு. அந்தப் படிக்கட்டுக்கும் தூண்வரிசைக்கும் முன்னால் நெடுநேரம் நின்றேன். ஆனால் அன்று என் நெஞ்சை அடைக்கச் செய்தது வேறொரு வீடு. நண்பரின் அம்மாவைப் பெற்ற பாட்டி வீடு.

அம்மா பிறந்த வீட்டை வங்காளிகள் ‘மாமார் பாடி’ என்கிறார்கள், மாமா வீடு. எனக்கு அது அம்பாசமுத்திரத்து ஆச்சி வீடு.

வாசலில் தெருவைப் பார்த்து ஒரு சிமென்ட் மேடை. ‘ரோக்’ என்றார் நண்பர். திண்ணையேதான், சாயங்காலமானால் ஊர்க்கதை பேச ஆள் வந்துவிடுமாம். உள்ளே சிவப்புத் தரை, ஓரத்தில் கறுப்புக் கரை. செருப்பைக் கழற்றிக் கால் வைத்ததும் அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. ஆச்சி வீட்டுத் தார்சாத் தரையின் குளிர்ச்சி அது. சித்திரை வெயிலில் சட்டையில்லாமல் குப்புறப் படுத்து, வயிறு சூடேறியதும் அடுத்த இடத்துக்கு உருண்டுபோவோம்.

நிமிர்ந்தால் மேலே கட்டைகள்! கனத்த உத்திரம் ‘கொரி’, அதன்மேல் குறுக்கே ஓடும் மெல்லிய கட்டை ‘பொர்கா’, அதற்கும் மேலே தட்டோடு, சுண்ணாம்பு, செங்கல்பொடி. ஆச்சி வீட்டில் கட்டைக்கு மேல் சிறுசெங்கலைக் குத்துவாக்கில் நிறுத்தி மூலைவாட்டாக அடுக்கியிருந்தார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது பொறியாளர் பேச்சு. எங்களுக்கு அது மட்டப்பா. கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் சேர்த்த சுண்ணாம்பைப் பொம்பளைகள் வரிசையாகக் குத்தவைத்து, மரப்பலகையால் நாள்கணக்காக அடிப்பார்களாம். “அடிக்கிற சத்தம் ஆத்தங்கரை வரைக்கும் கேக்கும்ல” என்பாள் ஆச்சி.

இதை நண்பர் வங்க மொழியில் சொன்னதும், அவர் அம்மா கையைத் தட்டிக்காட்டினார். இங்கேயும் அப்படித்தானாம். தளம் அடிக்கும்போது பாடவென்றே தனிப்பாட்டுகள் உண்டு, ‘சாத் பேட்டானோர் கான்’. அடி ஒன்றுபோல் விழ வேண்டுமே, அதற்குத் தாளம். ஒரு ராகம்கூட முனகினார். ஆச்சி பாட்டைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆச்சி வீட்டை விற்று, இடித்து, தேக்குக் கட்டைகளை லாரியில் ஏற்றியபோது நான் ஊரில் இல்லை.

“மாஷிமா, கொஞ்சம் படுத்துக்கவா?” என்று நண்பரின் அம்மாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு தலையணை கொண்டுவந்து தரையில் போட்டார். படுத்துக்கொண்டு, சின்ன வயதில் தூக்கம் வரும்வரை எண்ணுவதுபோல், பொர்காக்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். விசிறிக் கொக்கி கிட்டே வந்ததும் எண்ணிக்கை தவறிப்போனது. மறுபடி ஜன்னல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.