சுண்ணாம்புப் பள்ளத்தில் ஷாம்பெயின்

குளிர் முதலில் முழங்காலைத்தான் பிடித்தது. பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில், தெத்தாஞ்சே குடும்பத்தின் ஷாம்பெயின் நிலவறைக்குள் 18 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். மேலே நல்ல கோடை வெயில். கீழே வருஷம் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதானாம்! சிதம்பரம் கோயில் பிராகாரத்தில் மத்தியானச் சூட்டுக்குக் குதித்து ஓடிப் பழகிய கால்கள் இவை. வெட்கத்தை விட்டு மனைவியின் சால்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டேன்.

இறங்கி அண்ணாந்து பார்த்தவன் வாயை மூடவில்லை. வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புப் பாறையைக் கோபுரம் கோபுரமாகக் குடைந்திருக்கிறார்கள். ரோமானியர் காலத்தில் கட்டடக் கல்லுக்காக வெட்டிய பள்ளங்கள். நெய்வேலிச் சுரங்கம் பார்த்து வளர்ந்த கடலூர்க்காரனுக்கு எல்லாமே தலைகீழ்! அங்கே வாய் அகலம். இங்கே மேலே சின்ன ஓட்டை, இறங்க இறங்க அகலம். மழையும் உறைபனியும் உள்ளே புகுந்து கல்லை உதிர்த்துவிடக் கூடாதே என்ற முன்யோசனை. பிறகு 13ஆம் நூற்றாண்டில் மேலே புனித நிக்கேஸ் மடாலயம் எழுந்தது. துறவிகள் தங்கள் ஒயினை இங்கே வைத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மடாலயம் இடிபட்டது. அடியில் கொஞ்சம் படியும் வளைவும் மிச்சம். முதல் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து ரெய்ம்ஸ் மக்கள் நகரத்தின் இத்தகைய நிலவறைகளில் குடியிருந்தார்களாம். பள்ளிக்கூடம்கூட நடந்ததாம்!

ஈரச் சுண்ணாம்பு வாசனை. திரும்பிய பக்கமெல்லாம் படுத்துக் கிடக்கும் பாட்டில்கள். தூங்குகின்றன என்று நினைத்தால், உள்ளே மும்முரமாக வேலை நடக்கிறது. ஒருமுறை நொதித்த ஒயினில் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது. அது வெளியேற வழியில்லாமல் ஒயினிலேயே கரைகிறது. நுரை வருவது அதனால்தான். உள்ளே அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு. முன்பெல்லாம் பாட்டில்கள் வெடிக்குமாம். தொழிலாளர்கள் இரும்பு முகமூடி போட்டுத்தான் நடமாடுவார்களாம். கேட்டதும் சுவரை விட்டு நகர்ந்தேன். நகர்ந்து என்ன, எதிர்ப்பக்கமும் பாட்டில்!

சட்டப்படி குறைந்தது 15 மாதம் இப்படிக் கிடக்க வேண்டும். இவர்களுடைய உயர்ரக ஷாம்பெயின் பத்து வருஷம் போலக் கிடக்கிறது. கள்ளென்றால் பொழுது சாய்வதற்குள் புளித்துப் போகும் (நம் ஊரில் இறக்கவே தடை, அது வேறு கதை). செத்த ஈஸ்ட்டை வெளியேற்றுவது இன்னொரு வித்தை: பாட்டிலைச் சிறுகச் சிறுகத் திருப்பித் தலைகீழாக்கி, கசடு கழுத்தில் இறங்கியதும் கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், பனிக்கட்டி கசடோடு பீறிட்டு வெளியே விழும்.

இதையெல்லாம் தாண்டி என்னை அசத்தியது தெத்தாஞ்சே வீட்டுக் கதை. 1734இல் வேறொருவர் தொடங்கிய வணிகம். முதல் உலகப் போரில் குதிரைப்படை அதிகாரியாக இந்தப் பக்கம் வந்த பியேர் தெத்தாஞ்சே, 1932இல் அதை வாங்கினார். 2005இல் பங்காளிகள் பலரும் விற்க விரும்ப, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. மறு வருஷமே பியேர்-இமானுவேல் தெத்தாஞ்சே உள்ளூர் வங்கியின் துணையோடு திரும்ப வாங்கிவிட்டார்! 2020 முதல் அவர் மகள் வித்தாலி தலைவர். எங்கள் மஞ்சக்குப்பத்தில் பாகப்பிரிவினையில் விற்ற வீட்டைத் திரும்ப வாங்கியவர் என்று ஒருவரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வீட்டைப் பார்க்கப் பொறுக்காமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவர்களைத்தான் தெரியும்.

மேலே வந்ததும் ஆளுக்கொரு கிளாஸ். கடலூர்க்காரனுக்கு மது என்றால் புதுச்சேரி எல்லை முள்ளோடைக் கடைகளும், திரும்பும் வழியில் சோதனைச்சாவடிப் போலீசும்தான் ஞாபகம் வரும். இங்கே பட்டப்பகலில், பேரன் பேத்திகளோடு வந்த பாட்டி நிதானமாக உறிஞ்சுகிறார்! நான் குடித்த முதல் மடக்கு நேரே மூக்குக்கு ஏறித் தும்மல் வந்தது. பிறகு பச்சை ஆப்பிள் வாசமும் சுட்ட ரொட்டி வாசமும் மெல்ல வந்து சேர்ந்தன.

“உங்கள் ஊரில் என்ன விளையும்?” என்றார் வழிகாட்டிப் பெண். பண்ருட்டிப் பக்கத்து முந்திரியைப் பெருமையாகச் சொன்னேன். “பழத்தை என்ன செய்வீர்கள்?” கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பெரும்பாலும் தோப்பிலேயே போட்டுவிடுவோம் என்றேன். கோவாவில் அதைக் காய்ச்சித்தான் ஃபெனி எடுக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். “அவ்வளவு சாற்றையும் வீணாகவா விடுகிறீர்கள்?” இப்போது வாய் பிளந்தது அவர்.

“தொண்டை கரகரக்கும்னு சொல்லுங்க” என்று மனைவி எடுத்துக் கொடுத்தாள். ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்ல? தொண்டையைத் தடவிக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, என் கிளாஸில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.