புதுப்பித்தல் என்னும் சொல்

நாள்தோறும் வழங்கும் சொற்களின் உட்பொருளை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. எழுதுகிறோம், பேசுகிறோம், கடந்து செல்கிறோம். என்றேனும் ஒருநாள் அவற்றுள் ஒன்று நம்மை வழிமறித்து நிறுத்திவிடுகிறது. 'புதுப்பித்தல்' என்னும் சொல் சென்ற கல்வியாண்டில் நம்மை அவ்வாறு நிறுத்தியது.

நம் கல்லூரி இயற்பியல் துறை நண்பர் ஒருவர், முதுமையடைந்த அணுமின் நிலையங்கள் மேலும் இயங்க உரிமம் பெறுவது குறித்து மாணவரிடையே உரையாற்றினார். அவ்வுரையைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு நம்மிடம் வந்தது. 'உரிமம் புதுப்பித்தல்' என்று எழுதியவுடன் ஓர் ஐயம் எழுந்தது. இங்கே புதிதாவது எது? தாளா, உலையா?

நண்பர் விரித்துரைத்தது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து வரலாறு. அங்கே கனெக்டிகட் ஆற்றங்கரையில் வெர்னன் என்னும் சிற்றூரில் 'வெர்மான்ட் யாங்கி' அணுமின் நிலையம் 1972-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதற்கு வழங்கப்பட்ட 40 ஆண்டு உரிமம் 2012 மார்ச் 21-ஆம் நாள் முடிவடைய இருந்தது. மேலும் 20 ஆண்டுகள் இயக்க ஒப்புதல் வேண்டுமென உரிமையாளராகிய என்டர்ஜி நிறுவனம் விண்ணப்பித்தது. சுற்றுப்புற மக்களுள் பலர் அதனை எதிர்த்தனர்.

அவர்தம் அச்சம் காரணமற்றது அன்று. 2007 ஆகஸ்டில் அந்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. அதைத் தாங்கிய மரச்சட்டங்கள் இற்றுப் போயிருந்தன. அதனால் கதிரியக்கம் எதுவும் வெளிப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் உடைந்த குழாயிலிருந்து நீர் கொட்டும் நிழற்படம் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. 2010 ஜனவரியில் அவ்வளாகத்து நிலத்தடி நீரில் டிரிட்டியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்திருப்பது தெரியவந்தது. அத்தகைய நீரைக் கொண்டு செல்லும் குழாய்கள் மண்ணுக்கடியில் இல்லை என்றே நிறுவனத்தார் முன்னர் மாநில அரசிடம் கூறியிருந்தனர். குழாய்கள் இருந்தன, கசியவும் செய்தன.

வெர்மான்டில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்து முதற் செவ்வாயையொட்டி ஊரார் ஒன்றுகூடி, சாலை, பள்ளி, வரவு செலவு முதலியவற்றை விவாதித்து வாக்களிப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். உத்தரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலை முறையையும் வகுப்பில் விளக்கிவரும் நமக்கு அது அயலானதாகத் தோன்றவில்லை. 2009-ஆம் ஆண்டு அக்கூட்டங்களில் 30-க்கும் மேற்பட்ட ஊர்கள், உரிமக் காலம் முடிந்ததும் நிலையத்தை மூடுக எனத் தீர்மானித்தன. நிலையம் தொடர்ந்து இயங்கச் சட்டமன்றத்தின் இசைவும் வேண்டும் என 2006-இலேயே அம்மாநிலம் சட்டம் இயற்றியிருந்தது. 2010 பிப்ரவரியில் மாநில மேலவை 26-க்கு 4 என்ற வாக்குகளால் இசைவு மறுத்தது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமாவில் பேரிடர் நேர்ந்தது. அங்குச் சிதைந்த முதல் உலையும் வெர்மான்ட் உலையும் ஒரே வகை வடிவமைப்பின. எனினும் பத்தே நாளில், மார்ச் 21 அன்று, நடுவண் அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2032 வரை இயங்க உரிமம் வழங்கியது. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. கதிரியக்கப் பாதுகாப்பு பற்றி முடிவு செய்வது நடுவண் அரசின் அதிகாரம். மாநிலம் அதில் தலையிட இயலாது எனக் கூறி, 2012 ஜனவரியில் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

பழைய உரிமம் முடிந்த மறுநாள், பிராட்டில்பரோ நகரில் இருந்த நிறுவன அலுவலகத்தின் முன் மக்கள் திரண்டனர். 130-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். அவர்களுள் பிரான்சிஸ் குரோ என்னும் மூதாட்டியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 93.

இவ்விடத்தை எழுதும்போது நம் கை தயங்கியது. நம் நினைவில் வேறொரு மூதாட்டி வந்து நின்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லா ஜமாஅத்தின் செயலாளராக இருந்தோம். பள்ளிவாசலுக்குப் பின்புறம் ஒரு பழைய மேல்நிலை நீர்த்தொட்டி. அதனடியில் கணவரை இழந்த ஒரு பெரியம்மாவின் வீடு. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதெல்லாம் அவர் வாயிலில் நிற்பார். "தம்பி, தொட்டி கசியுது. ராத்திரியில காரை உதிர்ற சத்தம் கேக்குது" என்பார். தொட்டி இன்னும் ஐந்தாண்டு தாங்கும் எனப் பொறியாளர் அளித்த சான்றிதழ் நம் கையில் இருந்தது. எழுத்தறியாத அவரிடம் அத்தாளைக் காட்டி, "பயப்படாதீங்க" என்று அனுப்பிவைப்போம். ஒருமுறை சிரிக்கவும் செய்தோம்.

ஐப்பசி மழை நாளொன்றில், நள்ளிரவில் தொட்டியின் விளிம்பு பெயர்ந்து அவர் முற்றத்தில் விழுந்தது. ஓர் ஆடு இறந்தது. அல்ஹம்துலில்லாஹ், மனித உயிருக்குச் சேதமில்லை. காலையில் ஓடினோம். அவர் நம்மை ஏசவில்லை. "நான் பொய் சொல்லலியே தம்பி" என்றார். அவ்வளவே. மறுவாரமே தொட்டி இடிக்கப்பட்டது. அச்சொற்களோ இன்றுவரை நம்மை விட்டு நீங்கவில்லை.

பொறியாளர் நேர்மையானவர், சான்றிதழும் போலியன்று. கருவியால் அளந்ததைச் சான்றாக ஏற்ற நாம், நிழலில் வாழ்பவர் காதால் கேட்டதைச் சான்றாக ஏற்கவில்லை. அதுவே நம் பிழை.

வெர்மான்ட் யாங்கி 2014 டிசம்பர் 29 அன்று மூடப்பட்டது. மக்கள் குரலே அதனை மூடிற்று என்று எழுத நமக்கு ஆசைதான். அது முழு உண்மையாகாது. இயற்கை எரிவாயு மலிந்தமையால் நிலையத்தை நடத்துவது கட்டுப்படியாகவில்லை என நிறுவனமே 2013-இல் அறிவித்தது. மூடியதால் பல நூறு பேர் வேலையிழந்தனர். வெர்னன் ஊரின் வரி வருவாயும் சுருங்கியது. எரிந்து தீர்ந்த அணு எரிபொருள் 58 கொள்கலன்களில் அடைக்கப்பட்டு ஆற்றங்கரையிலேயே வைக்கப்பட்டது. புவி வெப்பமாதலை எண்ணி, பழைய உலைகள் தொடர வேண்டும் என வாதிடுவோரும் உளர். கலிபோர்னியா மாநிலம் 2025-இல் மூடவிருந்த டயப்ளோ கேன்யன் நிலையத்தைத் தொடர்ந்து இயக்க 2022-இல் சட்டம் இயற்றியது. எது சரி எனத் தீர்ப்புரைக்கும் அறிவியல் தகுதி தமிழாசிரியராகிய நமக்கு இல்லை.

ஆனால் தவணை என்பது என்னவென்று நமக்குத் தெரியும். ஒருவரின் பொருளையோ உயிரையோ பொறுப்பேற்பதை நம் பெரியோர் அமானிதம் என்பர். தவணை முடிந்தால், ஒப்படைத்தவரிடம் மீண்டும் கேட்பதே முறை. ஆற்றங்கரையில் குடியிருப்போர் அந்த 40 ஆண்டுகளை நம்பி ஒப்படைத்தவர்கள். அடுத்த 20 ஆண்டுகளுக்கு அவர்களையும் கேட்டிருக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர்கள். சிலர் அதிகாரிகளாய்க் கையொப்பமிடுவீர்கள். வாயிலில் ஒரு பெரியம்மா வந்து நின்றால், தாளை நீட்டுமுன் அவருடன் ஒருமுறை நடந்து சென்று தூணைப் பாருங்கள்.

நண்பரின் உரையில் 'புதுப்பித்தல்' என்பதை அடித்துவிட்டு, 'உரிமக் கால நீட்டிப்பு' என்று எழுதிக் கொடுத்தோம். காலம் நீளலாம், தூண் புதிதாகிவிடுவதில்லை.