சைகஸ் குறிப்புகள்

நர்சரியில் ‘சைகஸ்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ‘சேகோ பாம்’ என்றும் சொல்வதுண்டு. இது பனையே இல்லை. பெயரில் சேகோ இருந்தாலும் ஜவ்வரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் வருவது. தென்கிழக்காசியத் தீவுகளின் அசல் சேகோ, வேறொரு பனையின் தண்டுச்சோறு. சைகஸ் பூவும் கனியும் இல்லாமல் விதை மட்டும் வைக்கிற பழைய குலம். நம் வாசல்களில் நிற்பது தெற்கு ஜப்பான் தீவுகளிலிருந்து வந்தது.

*

குருத்து விடும் நாள்தான் இதற்குத் திருவிழா. வருஷத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் வெயில் ஏறும்போது. நடுமுடி வீங்கி, பழுப்பு ரோமத்துக்குள்ளிருந்து எல்லா ஓலையும் ஒன்றாகக் கிளம்பும். ஒவ்வொரு இலைச்சிறகும் சுருட்டி வைத்த கோரைப்பாய் மாதிரி இருக்கும். தொட்டால் பூனைக்காது. ஒரு மாதம் கழித்து அதே சிறகு ஊசியாகக் குத்தும். விரிந்த சிறகின் ஓரம் அடிப்பக்கமாக மடிந்திருப்பதைப் பார்த்துத்தான் 1782இல் தாவரவியலாளர் துன்பர்க் ‘ரிவோலூட்டா’ என்று பெயர் வைத்தார்.

*

முதல் வருஷம் அந்தக் குருத்து முழுவதையும் பறிகொடுத்தேன். எறும்புகள் ஏறி இறங்கின, சாதாரணம்தான் என்று விட்டுவிட்டேன். நாலைந்து நாளில் வெறும் ஈர்க்குகள்தான் நின்றன. குனிந்து பார்த்தபோது தெரிந்தது: அரை விரல்கூட இல்லாத பச்சைப் புழுக்கள், ஒவ்வொன்றின் மேலும் காவலுக்கு எறும்பு. புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைப் பாதுகாக்கிறது. வளர்ந்தால் சின்ன நீல வண்ணத்துப்பூச்சி, பின்சிறகில் மெல்லிய வால். ‘பிளெய்ன்ஸ் க்யூப்பிட்’ என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்கும் நம் சொந்த சைகஸை, மலையாளத்தில் ஈந்து என்கிறார்களே, அதைத் தின்று வாழ்ந்த பூச்சிதான். அதன் கண்ணுக்கு என் தொட்டியும் காடுதான். அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

மறு வருஷத்திலிருந்து, குருத்து எட்டிப் பார்த்த அன்றே நாலு மூங்கில் குச்சி நட்டுப் பழைய கொசுவலையைப் போர்த்திவிடுகிறேன். சிறகு கெட்டிப்படும்வரை இரண்டு மூன்று வாரம். கெட்டியான ஓலையைப் புழு தீண்டுவதில்லை. இந்த நாட்களில் தொட்டியை நகர்த்தவும் கூடாது; வெளிச்சம் வரும் திசை மாறினால் ஓலை கோணலாக முற்றிவிடும்.

*

தண்ணீர்: குறைந்தால் பொறுக்கும், தேங்கினால் அழுகும். மணல் கலந்த செம்மண். விரல் விட்டுப் பார்த்து, காய்ந்த பிறகு ஊற்றுவது.

ஓலை மஞ்சளாவதற்கு முக்கியமாக இரண்டு காரணம். அடி ஓலை மஞ்சளானால் பெரும்பாலும் மக்னீசியம் போதவில்லை. புது ஓலையே மஞ்சளாகிச் சுருங்கிக் கருகினால் மாங்கனீசு. பெயர் ஒலி ஒன்றுபோல் இருப்பதால் கடையிலேயே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். கெட்ட ஓலை திரும்பப் பசுமையாகாது. அடுத்த குருத்தில்தான் பலன் தெரியும்.

*

மண்ணுக்கு மேலே பவளக்கொத்து மாதிரி முண்டு முண்டாக வேர் வந்தால் நோய் என்று வெட்டிவிட வேண்டாம். ஒன்றைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தேன்: உள்ளே நீலப்பச்சையில் மெல்லிய வளையம். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தரும் நுண்ணுயிர் அங்கே குடியிருக்கிறது.

*

செடி முழுக்க விஷம். ஆரஞ்சு நிற விதையில் அதிகம். ஒன்றிரண்டு விதையே நாயின் ஈரலைக் கெடுத்து உயிரை எடுத்துவிடும். குழந்தையோ நாயோ உள்ள வீட்டில் விதை கனியும் முன்பே அகற்றிவிட வேண்டும். 1920களில் சர்க்கரை விலை விழுந்து ஒக்கினாவா பட்டினி கிடந்தபோது, இந்தச் செடியைத்தான் நறுக்கி, ஊறவைத்து, புளிக்கவைத்து, காயவைத்துச் சாப்பிட்டார்கள். பக்குவம் தவறியவர்கள் இறந்தார்கள். அந்தக் காலத்தை அங்கே ‘சைகஸ் நரகம்’ என்றே சொல்கிறார்கள்.

*

தாய்த்தண்டின் இடுப்பிலிருந்து எடுத்த பக்கக்கன்று ஒன்று. ஓலையைக் கழித்து, காயம் ஆற ஒரு வாரம் நிழலில் போட்டு, மணலில் பாதி புதைத்தேன். எட்டு மாதமாகிறது, முளை இல்லை. இன்று காலையும் அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறது. அழுகவில்லை. இருக்கட்டும்.