வீட்டுக்கு ஒரு ஸ்விட்ச்

விருத்தாசலம் கடைத்தெருவில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. "நெட்டுக்கு ஒரு ஸ்விட்ச் வேணும்" என்று ஒருவர் கேட்கிறார். "ஆறு ஆம்பியரா, பதினாறா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்கிறார்.

இரண்டு பேர் மேலும் தப்பில்லை. நம்மூரில் ஸ்விட்ச் என்றால் சுவரில் இருப்பதுதான். கணினிக்காரர்கள் சொல்லும் ஈதர்நெட் ஸ்விட்ச் வேறு சாமான். தமிழில் அதற்குப் 'பிணைய நிலைமாற்றி' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் கடைக்காரர் எதை எடுத்து நீட்டியிருப்பாரோ!

கேட்டவர் பக்கத்திலிருக்கும் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பல வருடமாக வேலை பார்க்கிறார். மின்சார ஃபியூஸ் போடும் வெள்ளைப் பீங்கான் கட்டை இருக்கிறதே, அதைச் செய்யும் பட்டறை. கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் தூரம். ஆனாலும் ஒரு ஸ்விட்சைத் தேடி அவர் கடை கடையாக ஏறி இறங்கியதற்குக் காரணம் அவருடைய மகள்.

மகள் டிகிரி முடித்துவிட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். 2020-ல் கொரோனா வந்தபோது பல கம்பெனிகளுக்குப் பழகிப்போன ஏற்பாடு இது. வாடிக்கையாளர்களிடம் இன்டர்நெட் வழியாகவே பேச வேண்டும். சம்பளம் 18,000 ரூபாய். வீட்டுக்கு 200 மெகாபிட் ஃபைபர் இணைப்பு வந்திருக்கிறது. ஆனால் ரவுட்டர் இருப்பது கீழே முன்கூடத்தில். அவள் உட்காருவது மாடி அறையில். நடுவில் கான்கிரீட் தளமும் இரண்டு சுவரும். வைஃபை மாடிக்குப் போவதற்குள் பாதி உயிர் போய்விடும். பேச்சு நடுவிலேயே அறுந்துவிடும்.

இரண்டு முறை மேலாளர் எச்சரித்துவிட்டார். இன்னொரு முறை நடந்தால் சென்னைக்கு வந்து ஆபீசில் உட்கார வேண்டும். ஹாஸ்டலுக்கு 7,500, பஸ்ஸுக்கும் கைச்செலவுக்கும் ஒரு 3,500 என்று வைத்துக்கொண்டால் 18,000-ல் மிச்சம் 7,000. அதிலிருந்துதான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு சின்னப் பெட்டியின் மேல் இவ்வளவு கணக்கு ஏறி உட்கார்ந்திருந்தது.

கீழேயிருந்து மாடிக்கு ஒரு கேபிள் இழுப்பது என்று முடிவானது. ஆனால் மாடியில் அவள் லேப்டாப் மட்டும் இல்லை. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தம்பியின் கம்ப்யூட்டரும் அங்கேதான். பிறகு ஒரு டிவி. ஒரு கேபிளில் வருவதை மூன்றாகப் பிரிக்க ஒரு பெட்டி வேண்டும். அதுதான் ஸ்விட்ச்.

இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் வாங்குவது சுலபம். அதற்குக் கொஞ்சம் பழைய கதை.

1973-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் உருவானது ஈதர்நெட். பாப் மெட்கால்ஃப், டேவிட் பாக்ஸ் என்ற இருவர் பெயர் இதில் முக்கியம். அப்போது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரே கேபிள். ஒருவர் பேசினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் மோதிக் கெட்டுவிடும். இருவருமே கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி பேச வேண்டும்.

பிறகு 'ஹப்' என்ற பெட்டி வந்தது. அது ஊரில் தண்டோரா போடுவது மாதிரி. ஒருவருக்கு வந்த செய்தியை எல்லாருக்கும் கத்திச் சொல்லும். வேண்டியவர் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் விட்டுவிடுவார்கள்.

ஸ்விட்ச் தபால்காரர் மாதிரி. ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட்டில் ஒரு முகவரி உண்டு. எந்தத் துளையில் எந்த முகவரி இருக்கிறது என்பதை, வரும் போகும் தகவலைப் பார்த்தே ஸ்விட்ச் கற்றுக்கொள்கிறது. பிறகு உரியவருக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. முகவரி தெரியாதபோது மட்டும் எல்லாக் கதவையும் தட்டும்.

இப்படிப் பல துளைகளுடன் வந்த முதல் ஈதர்நெட் ஸ்விட்ச் 1990-ல் விற்பனைக்கு வந்தது. அதில் ஏழு துளைகள். செய்த கம்பெனியின் பெயர் 'கல்பனா'. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ், இன்னொருவர் லாரி பிளேர். கல்பனா என்பது பரத்வாஜின் மனைவி பெயர். 1994-ல் அந்தக் கம்பெனியை சிஸ்கோ வாங்கிக்கொண்டது. இன்று ஆபீசிலும் வீட்டிலும் இருக்கும் ஸ்விட்சுகளெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

சரி, கருவேப்பிலங்குறிச்சிக்குத் திரும்பலாம். அங்கே வீட்டுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

தம்பி ஒரு பட்டியல் வைத்திருந்தான். எட்டுத் துளை, இரும்புப் பெட்டி, 'மேனேஜ்டு' வகை. விலை நான்காயிரத்துக்கு மேல். அப்பா எலக்ட்ரிக்கல் கடையிலிருந்து கம்ப்யூட்டர் கடைக்குப் போய் வேறொன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஐந்து துளை, 100 மெகாபிட், 600 ரூபாய்.

"பெரிசா வாங்கினா வேகம் கூடும்னு தம்பி சொல்றானே?" என்று கேட்டார்.

"கூடாதுப்பா. லைன்ல வர்றதுதான் வரும். இது பிரிச்சுக் கொடுக்கும், அவ்வளவுதான்" என்றாள் மகள்.

"அப்ப 600 ரூபாய்ப் பெட்டியே போதுமே?"

அதுவும் சரியில்லை. வீட்டுக்கு வருவது 200. நடுவில் 100 மெகாபிட் ஸ்விட்சை வைத்தால் மாடிக்குப் போவது 100-தான். மாதாமாதம் 200-க்குப் பணம் கட்டிவிட்டு பாதியை மாடிப்படியிலேயே விட்டுவிடுவது போல. அதே ஐந்து துளையில் கிகாபிட், அதாவது 1000 மெகாபிட் ஸ்விட்ச் 1,150 ரூபாய்க்குக் கிடைத்தது. வித்தியாசம் 550. ஒருமுறை செலவை மிச்சம் பிடித்து மாதச் செலவில் நஷ்டப்படுவதை எந்த வணிகவியல் வாத்தியாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "எவ்வளவு மொத்தமான ஒயர் இழுத்தாலும், நடுவுல இருக்கிற ஃபியூஸ் கம்பி தாங்குறதுதானே கணக்கு? அது மாதிரியா?" என்றார்.

அதேதான். எத்தனை புத்தகம் படித்தாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இணையத்தில் எந்த இடம் மெல்லிசோ அந்த இடத்தின் வேகம்தான் முழுப் பாதையின் வேகம்.

மேனேஜ்டு வகை ஏன் வேண்டாம்? பல துறைகள் உள்ள ஆபீசில் கணக்குப் பிரிவைத் தனியாகவும் விருந்தினர்களைத் தனியாகவும் பிரித்து வைக்க அது தேவை. மூன்று பேர் உள்ள மாடிக்கு வேண்டியதில்லை. கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் தரும் வகையும் உண்டு. இந்த வீட்டு மாடியில் அப்படிக் கேமரா இல்லை, அதனால் அதுவும் வேண்டாம். துளைக் கணக்கு? கீழேயிருந்து வரும் கேபிளுக்கு ஒன்று, மூன்று கருவிக்கு மூன்று, மிச்சம் ஒன்று. பலர் அந்த முதல் துளையைக் கணக்கில் விட்டுவிட்டு வாங்கிப் பிறகு முழிப்பார்கள்.

1,150 ரூபாய்ப் பெட்டி வந்தது. கேபிள்காரர் வந்து மாட்டிவிட்டுப் போனார். பேச்சு அறுபடவில்லை. எல்லாரும் சந்தோஷம்.

ஆனால் தம்பி சோதித்துப் பார்த்தபோது, கீழே ரவுட்டர் பக்கத்தில் 190-க்கு மேல் காட்டியது, மாடியில் 94-தான். "ஸ்விட்ச் டூப்ளிகேட்" என்று அவன் தீர்ப்பே எழுதிவிட்டான். பாவம், ஸ்விட்ச் மேல் தப்பில்லை. கேபிளுக்குள் எட்டுக் கம்பி உண்டு, நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அவசரத்தில் வந்தவர் நான்கு கம்பியை மட்டும் முனையில் வைத்து அழுத்திவிட்டுப் போயிருந்தார். எட்டையும் சேர்த்து மறுபடி கிரிம்ப் செய்ததும் மாடியிலும் 190 வந்தது. மெல்லிசான இடம் பெட்டியில் இல்லை, கேபிள் முனையில் இருந்தது.

அடுத்தது கரண்ட். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. கீழே ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருந்ததால் ஓடியது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. ஆனால் ஸ்விட்சை மாட்டியிருந்த மாடிப் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை! வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு செத்தது. அவள் சட்டென்று மொபைல் நெட்டுக்கு மாறிச் சமாளித்துவிட்டாள். அன்று தப்பித்தது அதிர்ஷ்டம்தான். சாயங்காலமே வயர்மேனைக் கூப்பிட்டு மாடியில் ஒரு பிளக்குக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுத்தார்கள். இந்த அளவு ஸ்விட்ச் தின்னும் மின்சாரம் நான்கைந்து வாட்டுக்குள்தான். இன்வெர்ட்டருக்கு அது ஒரு பாரமே இல்லை.

மூன்றாவது சிக்கல் எந்தக் கடையிலும் தீராதது. தம்பி பெரிய கேம் ஒன்றை டவுன்லோட் போட்டால் முழு 200-ஐயும் அதுவே இழுத்துக்கொள்ளும். அக்காவின் பேச்சு திக்கும். ஸ்விட்சுக்கு முகவரி தெரியும், ஆனால் யாருடைய வேலை அவசரம் என்று தெரியாது. வந்ததை வந்தபடி கொடுக்கும். ரவுட்டரில் சில அமைப்புகளை மாற்றி ஒருவருக்கு முன்னுரிமை கொடுக்கலாம். அந்த ரவுட்டரில் அந்த வசதி இல்லை.

"ராத்திரி பதினோரு மணிக்கு மேல போட்டுக்கிறேன்க்கா" என்றான் தம்பி. சொன்னபடி நடந்தும் கொண்டான். நான்காயிரம் ரூபாய்ப் பெட்டி செய்ய முடியாததை ஒரு வாக்கு செய்தது.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பெரியப்பா, "எங்களுக்கும் ஒரு ஒயர் இழுத்துவிடேன்" என்று கேட்டார். அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுப்பது ஆபத்து. ஐப்பசி கார்த்திகையில் பக்கத்தில் இடி விழுந்தால் அந்த ஒயர் வழியாக இரு வீட்டுச் சாமான்களும் போகலாம். ஃபைபர் கேபிள் கண்ணாடி இழை. பீங்கான் மாதிரி அதுவும் மின்சாரத்தைக் கடத்தாது. வெளியே இழுப்பதானால் அதுதான் சரி.

மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் ஸ்விட்ச் 1,150, கேபிளும் கூலியும் 900, வயர்மேனுக்கு 400. ஆக 2,450 ரூபாய். சென்னை ஹாஸ்டலில் பத்து நாள் வாடகைதான் அது. மூன்றாவது எச்சரிக்கை வரவில்லை. மகள் இன்னும் மாடி அறையில்தான் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் கீழே இறங்கி வந்து சேர்ந்து காபி குடிக்கிறாள்.

ஸ்விட்ச் வாங்கப் போகிறவர்கள் எது நல்ல பிராண்டு என்று கேட்பதற்கு முன்னால் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எத்தனை கருவி, லைன் எவ்வளவு, கேபிளில் எத்தனை கம்பி, பிளக்கில் கரண்ட் எப்போது போகும் என்று பாருங்கள். மெல்லிசான இடம் எது என்று தெரிந்துவிட்டால், எதை வாங்குவது என்பது தானே தெரிந்துவிடும்.