தைப்பூசத்துக்கு விடுமுறை தருவது யார்?

தைப்பூசத்தன்று மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் அரசு அலுவலகங்கள் மூடிக்கிடக்கும். மலாக்காவில் வழக்கம்போல இயங்கும். ஜூன் முதலிரண்டு நாட்கள் சரவாக்கில் காவாய் அறுவடைத் திருநாள், அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் சபாவில் காமத்தான் அறுவடைத் திருநாள். தீபகற்பத்தில் அவை சாதாரண வேலைநாட்கள். தீபாவளிக்கு நாடெங்கும் விடுமுறை, சரவாக்கில் மட்டும் இல்லை. புனித வெள்ளிக்கோ சபாவும் சரவாக்கும் மட்டுமே விடுமுறை தருகின்றன. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களுக்கு வெள்ளியும் சனியும் வார ஓய்வு. ஜொகூர் 2014இல் அந்த வழக்கத்துக்கு மாறி, 2025இல் மீண்டும் சனி ஞாயிறுக்கே திரும்பிவிட்டது. இந்தப் பட்டியலைப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொள்பவர்கள், நாடு முழுவதற்கும் ஒரே நாட்காட்டி போதாதா என்று கேட்கிறார்கள். போதாது என்பதே என் எண்ணம். சரவாக்கின் இபான் மக்களின் அறுவடைக்கு ஜொகூரில் எதற்கு விடுமுறை? இந்தியர்கள் விரல்விட்டு எண்ணுமளவே வாழும் சரவாக் தீபாவளிக்கு விடுமுறை விடாததை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. அங்கங்கே வாழும் மக்களைப் பார்த்து அங்கங்கே நாள் குறிப்பதுதான் கூட்டரசு முறைக்கு அழகு. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு விடுமுறை நிலையான பட்டியலில் ஏறிவிட்டதா, ஆண்டுதோறும் ஆட்சியாளரின் மனம் பார்த்து வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தைப்பூசத் தேர் சென்று சேரும் பத்துமலை இருப்பது சிலாங்கூரில். வெள்ளித்தேர் புறப்படுவது கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து. ஒரே இரவில் தேர் கடந்துவிடும் தூரம்தான். ஆனாலும் தேர் சேருமிடத்தில் விடுமுறை, புறப்படுமிடத்தில் வேலைநாள் என்பதே நெடுங்காலம் நிலவரம். கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்துக்கு அந்த விடுமுறையை அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி 2008 ஜனவரியில் அறிவித்தார். மலேசிய இந்தியர்கள் உரிமை கேட்டுத் திரண்ட 2007 நவம்பர் 25 இண்ட்ராப் பேரணிக்கும் 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலுக்கும் நடுவில் அந்த அறிவிப்பு வந்தது தற்செயல் என்று நம்புவது கடினம். எப்படி வந்தாலும், அது பட்டியலில் ஏறி நிலைத்துவிட்டது. கெடாவின் கதை வேறு. அங்கே தைப்பூசம் மாநிலத்தின் நிலையான விடுமுறைகளில் இல்லை. ஆண்டுதோறும் தனியாக அறிவிக்கப்படும் சிறப்பு விடுமுறையாகவே இருந்துவந்தது. 2021இல், கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டால் விழாவே நடக்காதபோது விடுமுறை எதற்கு என்று மாநில முதல்வரான மந்திரி புசார் முகமது சனூசி அதை நிறுத்திவிட்டார். கூட்டம் கூடாவிட்டாலும் வீட்டில் விளக்கேற்றி விரதம் முடிக்க நாள் வேண்டாமா? அடுத்த மாதமே வந்த சீனப் புத்தாண்டுக்கும் அதே கட்டுப்பாடு இருந்தது. அந்த விடுமுறையில் யாரும் கைவைக்கவில்லை, ஏனென்றால் அது பட்டியலில் இருந்தது.

தனியார் துறைத் தொழிலாளிக்கு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகப் படும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 11 சம்பளத்துடன் கூடிய பொது விடுமுறைகள் அவருக்கு உண்டு. தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம் என ஐந்து கட்டாயம். மீதி ஆறையும் அரசிதழில் வந்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். 1951ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு திடீரென ஒரு நாளை அறிவித்தால், அதையும் அவர் தந்தாக வேண்டும். 2018 தேர்தல் முடிந்த கையோடு வந்த இரண்டு நாட்களும், அன்வார் இப்ராகிம் பதவியேற்ற சில நாட்களில் 2022 நவம்பர் 28ஆம் தேதிக்கு வந்த விடுமுறையும் இப்படிப் பிறந்தவைதாம். மாநில அரசு 9ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கும் நாளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆகவே கெடாவில் சிறப்பு விடுமுறை கிடைத்த ஆண்டிலும், சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர் தம் நிர்வாகத்தின் தயவைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

விடுமுறை கூடினால் உற்பத்தி குறையும் என்ற வாதம் உடனே வரும். நியாயமான கவலை. ஆனால் தனியார் துறையில் எண்ணிக்கை 11 என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. பட்டியலில் ஒரு நாள் ஏறினால் தேர்வு விரியுமே தவிர எண்ணிக்கை ஏறாது. தொழிற்சாலைகளைத் திணறடிப்பவை உண்மையில் ஒரு சில நாள் முன்னறிவிப்போடு வரும் வெற்றிக்களிப்பு விடுமுறைகள்; அவற்றைப் பற்றி இந்த வாதக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்ற பயமும் உண்டு. கேட்கட்டும். மாநிலத்தில் அந்தச் சமூகம் எவ்வளவு பெரியது, எத்தனை காலமாக அந்த விழா நடக்கிறது என்று அளந்து முடிவுசெய்ய ஒரு சட்டமன்றத்தால் முடியாதா? தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்த தமிழர்கள் தலைமுறைகளாகக் காவடி எடுக்கும் கெடாவில் இந்த அளவுகோலுக்குத் தைப்பூசம் தாராளமாக எட்டும். தேர்தல் நேரத்தில் கோயில் வாசலுக்கு வரும் வேட்பாளர்களிடம், இந்த ஆண்டு விடுமுறை உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு, நிலையான பட்டியலில் எப்போது சேர்ப்பீர்கள் என்று கெடா வாக்காளர்கள் கேட்க வேண்டும்.