ஒரு குழல், ஒரு பங்கு

மூங்கில் குழலில் அவிக்கும் புட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு குழல் புட்டு, ஓர் ஆளின் பங்கு. இட்லி என்றால் ஒரே ஈட்டில் நாலைந்து பேருக்கு அவித்துவிடலாம். புட்டுக்கு அது நடக்காது. குடத்தின் வாயில் குழலைப் பொருத்தி, மேலே கவிழ்த்த சிரட்டையின் கண் வழியாக ஆவி சீறியபின் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, இறக்கி, கம்பால் தள்ளி, மறுபடி நிரப்ப வேண்டும். குழலுக்கு ஏழு நிமிடம் என்று வையுங்கள். நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் எட்டுப் பேர். தாத்தா, அப்பா, சித்தப்பா, அண்ணன்மார் என்று ஒவ்வொருவராக உட்கார்ந்து, ஆவி பறக்கத் தின்று எழுந்து போனார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அம்மா அடுப்படியில் நின்றாள். எட்டாவது குழல் அவளுடையது. பெரும்பாலும் அதற்கு மாவு மிஞ்சாது. தள்ளும்போது உடைந்து உதிர்ந்ததை அள்ளித் தின்பாள்.

அதற்கு முந்தைய வேலை தனி. பச்சரிசியை ஊறவைத்து, இடித்து, சலித்து, வறுத்து, உப்புநீர் தெளித்து விரவ வேண்டும். அள்ளிப் பிடித்தால் பிடி நிற்கவும் வேண்டும், விரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். (கட்டி விழுந்தால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று போதும். இதைக் கண்டுபிடித்த பெண்ணுக்கு யாரும் முனைவர் பட்டம் தரவில்லை.) சமையல் முடிந்தாலும் குழல் விடாது. கை சுடாமலிருக்க அதன்மேல் வரிந்த கயிறு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். வெயிலில் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். குமரி மாவட்டத்திலோ ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம்.

அலுமினியக் குழல் வந்ததும் அம்மா மூங்கிலைப் பரணில் போட்டதில் எனக்கு வியப்பில்லை. இப்போது அண்ணன்மாருக்கு அந்தப் பழைய ருசி வேண்டியிருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் மூங்கில் புட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். ருசி இல்லையென்று நானும் சொல்லமாட்டேன். உலோகம்போல் மூங்கில் உள்ளே வேர்ப்பதில்லை, புட்டின் ஓரம் நனைவதில்லை, லேசாக ஒரு மணமும் இருக்கும். ஆனால் அவர்கள் ஏங்கும் பண்டத்தில், அம்மா நின்ற அந்த ஒரு மணி நேரமும் சேர்ந்திருக்கிறது. அதை யாரும் ருசியென்று பெயர்சொல்லிக் கேட்பதில்லை.

வகுப்பில் பிட்டுக்கு மண் சுமந்த கதையை நடத்தும்போது மாணவர்கள் பாண்டியனின் பிரம்படிக்குத்தான் காத்திருப்பார்கள். நான் வந்தியிடம் நிற்பேன். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது அரசாணை. அனுப்ப ஆளில்லாத, பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி அவள். வாய்மொழியாக வழங்கும் கதையில், உதிர்ந்த பிட்டுதான் கூலி என்று பேச்சு. அன்றைக்குப் பார்த்து அத்தனையும் உதிர்ந்தது. உதிர்ந்ததைத் தின்றதற்காக இறைவனைப் புராணம் கொண்டாடியது. எங்கள் அடுப்படியில் அதையே தின்றவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மணமுறிவுக்குப் பின் திருநெல்வேலிக்கு வேலைமாற்றம் வாங்கி வந்தபோது அந்தக் குழலைக் கேட்டு வாங்கிவந்தேன். தனியாள் வீட்டுக்கு அது அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு குழல் வைப்பேன். பயறும் பப்படமும் இருக்கும், மட்டிப்பழம் கிடைத்தால் அதுவும். அடுப்பை அணைத்துவிட்டு, சூடு ஆறுமுன் உட்கார்ந்து சாப்பிடுவேன். நாற்பது வயதுக்குமேல்தான் எனக்குச் சூடான புட்டின் ருசி பிடிபட்டது.

போன மாதம் மூட்டுவலி வைத்தியத்துக்காக அம்மா வந்து தங்கியிருந்தாள். முதல் குழலை அவள் தட்டில் தள்ளினேன். தொடவில்லை. "நீ தின்னு மக்களே, நான் பொறவு தின்னுகேன்" என்று எழுந்து அடுப்புப் பக்கம் வந்தாள். இரண்டாவது குழலில் மாவை நிரப்பிக்கொண்டே, ஆறிப்போகும் என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நாற்காலியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்து, பழத்தை உரித்துப் பிசையத் தொடங்கினாள். "உப்பு கொறவு" என்றாள்.